என் நாக்கும் வசநாவி வேரும்

நஞ்சை வேக வைப்பது என் வேலை. யாரிடமாவது இப்படிச் சொன்னால் ஓர் அடி பின்னால் நகர்வார்கள். அதைப் பார்த்து ரசிப்பதற்காகவே நான் சொல்வதுண்டு. யாங்கூனில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக உதவியாளனாக இருக்கிறேன். குடுவை கழுவுவேன், எலிகளுக்குத் தீனி வைப்பேன், வேர் நறுக்குவேன், சொன்ன நேரத்துக்கு அடுப்பை ஏற்றி இறக்குவேன். படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. அதைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு மேலதிகாரி அமைந்தது என் அதிர்ஷ்டம்.

அவரை நான் சயாமா என்பேன். பர்மிய மொழியில் ஆசிரியை என்று பொருள். என்னைவிட இருபது வயது சிறியவர். அவர் என்னை ஊலே என்பார், சித்தப்பா முறை. சீன மருந்துகளில் சிலவற்றை ஏன் பச்சையாகக் கொடுப்பதில்லை, பக்குவம் செய்த பிறகு அவை நோயை எப்படித் தணிக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு பொல்லாத வேர். நம் வைத்தியர்கள் வசநாவி என்று சொல்கிறார்களே, அதற்குச் சீனத்துச் சொந்தக்காரன். பச்சையாகக் கொஞ்சம் உள்ளே போனாலும் நெஞ்சுத் துடிப்பைக் குலைத்துவிடும். ஊறவைத்து, வேகவைத்து, சீவி, மறுபடியும் வேகவைத்தால் அதே வேர் மூட்டு வலிக்கும் கைகால் சில்லிப்புக்கும் மருந்து.

பானைக்குள் என்னதான் நடக்கிறது? நஞ்சு தண்ணீரில் இறங்கிப் போய்விடுகிறது, அவ்வளவுதானே என்றேன் முதல் நாள். சயாமா ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் அறுகோணமும் கோடுமாக எதையோ வரைந்து, அதன் ஓரத்தில் தொங்கிய ஒரு துண்டைப் பேனாவால் அடித்தார். கொஞ்சம் தண்ணீரில் போகிறதுதான், ஆனால் மீதி போவதில்லை, சூட்டில் உடைகிறது என்றார். அந்தத் துண்டு கழன்றதும் நெஞ்சைப் பிடிக்கும் மூர்க்கம் குறைந்துவிடுகிறதாம். ஆனால் வலியை அடக்கும் குணம் மிச்சம் இருக்கிறது போலத் தெரிகிறதாம். அது எப்படி மிஞ்சுகிறது, பழைய பொருளே அந்த வேலையைச் செய்கிறதா, பானையில் புதிதாகப் பிறந்தது செய்கிறதா என்பது இன்னும் சரியாகத் தெரியாது என்றார். எனக்குத் தெரியாது என்று ஒரு படித்தவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே அந்த வேரின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

வேலை இப்படி நடக்கும். பானை கொதிக்கும்போது அரை மணிக்கு ஒரு வேர் வில்லை எடுப்பேன். அதன் சாற்றை, வெள்ளைப் பொடி பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் சொட்டு வைத்து, ஒரு திரவத்தில் நிறுத்துவோம். திரவம் மெல்ல மேலே ஏறும், சாற்றில் உள்ளவை அதனதன் உயரத்தில் தங்கும். பிறகு மேலே ஒரு மருந்தைத் தெளித்தால் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். மேலே இருப்பது நஞ்சு. நேரம் ஆக ஆக அந்தப் புள்ளி வெளிறும், கீழே இன்னொரு புள்ளி எழும்பும். ஒன்று தேய்ந்து மற்றொன்று வளர்வதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை. இன்னொரு அறையில் பாதம் வீங்கிய எலிகளுக்கு இந்தச் சாற்றைக் கொடுத்து வீக்கம் வடிகிறதா என்று சயாமா அளந்து பார்ப்பார்.

வேர் வாங்குவது லத்தாவில், சீனர்களின் கடைத்தெருவில். அந்தக் கடைக்காரர் வேரைத் தன் வீட்டிலேயே பக்குவம் செய்பவர். ஒரு நாள் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கொதிக்கும் அண்டாவிலிருந்து ஒரு வில்லையை எடுத்தார், நடுவில் அரிசி அளவு கிள்ளினார், நுனிநாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். துப்பினார், வாய் கொப்பளித்தார், தலையை ஆட்டினார். இன்னும் மரக்கிறதாம். வில்லை திரும்ப அண்டாவுக்குள் போயிற்று. நாக்கு மரப்பது நிற்கும்வரை அது மருந்து இல்லையாம். தகடும் இல்லை, தெளிப்பும் இல்லை, ஒரு மனிதரின் நாக்கு போதும். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது சயாமாவின் முதல் சட்டம். ஆனால் நாக்கு விஷயத்தில் எனக்கு ஒரு மமதை உண்டு. கோயில் அன்னதானத்தில் சாம்பாருக்கு உப்புப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. சமையல்காரர் மாறியபின் கூப்பிடுவது நின்றுவிட்டது, புது ஆளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் எனக்குத் தனி மரியாதை. என் மனைவி எனக்கு மட்டும் அடுப்போரத்தில் இருக்கும் சின்னப் பாத்திரத்திலிருந்துதான் சாம்பார் ஊற்றுவாள்.

ஆகவே நான் திருட்டுத்தனமாக நாக்குச் சோதனையை ஆரம்பித்தேன். காலையில் பபேடானில் பஸ் மாறும்போது பத்துப் பன்னிரண்டு குன்யா கட்டி வாங்கிக்கொள்வேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, மேலே ஒரு கிராம்பு. யாங்கூனில் ஆம்பிளை என்றால் கடைவாயில் அது இருக்கும். ஆனால் சோதனை என்றால் முறை தெரிந்தவன் நான், குன்யாவைத் துப்பி, இரண்டு தரம் கொப்பளித்த பிறகுதான் வில்லையைத் தொடுவேன். முடிவை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒரு மணி நேரம் வெந்ததும் என் நாக்கில் எந்த மரப்பும் இருக்காது. தகட்டிலோ அதே வில்லைக்கு நஞ்சின் புள்ளி பளிச்சென்று நிற்கும்.

இங்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு கோட்பாட்டை உண்டாக்கினேன். தகடு அற்ப சொற்பத்தைக்கூடக் கோள் சொல்லும், நாக்கு ஆளுக்கு ஆபத்தானதை மட்டும் சொல்லும் என்பது என் கோட்பாடு. எழுதி வைத்துக்கொண்டு பல நாள் அதை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன்.

என் மனைவி பசுந்தாங்கில் எங்கள் நாலாம் மாடி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். இரண்டு மழைக்காலமாக அவள் விரல் மூட்டுகள் காலையில் மடங்குவதில்லை. சாயங்காலத்துக்குள் கொஞ்சம் இளகும். அப்போது மறுநாளைக்காக மூன்று ஊசியில் நூல் கோத்து, ஊசி குத்தும் சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தி வைப்பாள். காலையில் அவளால் கோக்க முடியாது. ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. சலித்துக்கொள்கிற பெண் அல்ல. ஒரே ஒரு நாள், கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "இந்தக் கை போயிட்டா நான் எதுக்குங்க?" என்றாள்.

சீனக் கடைக்காரரிடம் அழைத்துப் போனேன். நாடி பார்த்தார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பொட்டலங்கள் கட்டினார். பக்குவம் செய்த வேர் வில்லைகளைத் தனியாகக் கொடுத்து, அதை மட்டும் முதலில் வெகுநேரம் கொதிக்கவிட்டு, அப்புறம்தான் மற்றதைப் போட வேண்டும் என்று அவளிடம் பர்மிய மொழியில் பொறுமையாகச் சொன்னார்.

என் கை சும்மா இருக்குமா? வேர் வேகும் கணக்கை அணு அணுவாகப் பார்த்தவன் நான், வேறொருவர் வேக வைத்ததை வாங்கி என் மனைவிக்குக் கொடுப்பதா? ஆய்வுக்கூடத்துக்கு என்று பொய் சொல்லி, அவரிடமே பச்சை வேர் வாங்கினேன். கடைவில்லைகளை அலமாரியில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ஊரில் இப்போது கரண்ட் முறைவைத்து வருகிறது. வந்தால் "மீ லா பீ", கரண்ட் வந்துவிட்டது, என்று மாடிக்கு மாடி ஒரு கூவல் எழும், அடுத்த நொடி ஒவ்வொரு வீட்டிலும் சோற்றுக் குக்கர், தண்ணீர் மோட்டார், இஸ்திரி எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும். நானும் மின் அடுப்பில் வேரை ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வெந்திருக்கும், கரண்ட் போய்விட்டது. வாய் கொப்பளித்தேன். அரிசி அளவு கிள்ளி நாக்கில் வைத்தேன். கண்ணைக்கூட மூடிக்கொண்டேன், கடைக்காரர் மாதிரியே. ஒன்றும் இல்லை. கடைக்காரர் இன்னும் அதிக நேரம் சொன்னாரே என்று மனைவி கேட்டாள். நாக்கு சொல்லியாயிற்று என்றேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

வில்லைகள் காய்ந்து தயாரானது செவ்வாய்க்கிழமை. மறுநாள் அவள் கஷாயம் வைத்து, மதியம் சாப்பிட்ட பிறகு முதல் வேளை குடிப்பது என்று பேச்சு. புதன்கிழமை காலையில் கிளம்பும்போது ஒரு வில்லையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். ஆய்வுக்கூடத்துத் தகட்டில் என் வீட்டு வில்லையையும் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆசை. சந்தேகம் இல்லை, வீண் பெருமை. மற்றச் சாறுகளோடு கடைசி வரிசையில், பெயர் எழுதாமல், அதையும் சொட்டு வைத்தேன்.

பதினோரு மணிக்குச் சயாமா மருந்தைத் தெளித்தார். கடைசி வரிசையில் மேலே ஒரு புள்ளி திரண்டு நின்றது. பச்சை வேரின் புள்ளிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது எந்தப் பானை என்று கேட்டார். என் வீட்டுப் பானை என்றேன். அவர் தகட்டைக் கீழே வைத்தார்.

"இத யாராவது குடிக்கிறாங்களா, ஊலே?"

மதியம் என் மனைவி குடிப்பாள் என்றேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், மரக்கவில்லை, நிஜமாக மரக்கவில்லை என்றேன். சயாமா என் வாயைப் பார்த்தார். சிவந்த பல், சிவந்த உதடு, கடைவாயில் பாதி மென்ற குன்யா.

"இந்த நாக்காலயா?" என்றார்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாகச் சுண்ணாம்பிலும் புகையிலையிலும் கிராம்பிலும் ஊறிய நாக்கு. அது ஏற்கெனவே மரத்துப்போனது. மரத்துப்போன ஒன்றிடம் போய், மரக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு தரம் கொப்பளித்தால் சரியாகிவிடும் என்று நம்பிய முட்டாள்.

வீட்டுக்குப் போன் அடித்தேன், அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. கரண்ட் இல்லாவிட்டால் அவள் போனில் உயிர் இருக்காது. சயாமாவும் கூட வந்தார். டாக்சியில் அவர் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம், அப்படி ஏதாவது ஆகியிருந்தால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வழியில் தெரிந்த ஒவ்வொரு பகோடாவுக்கும் கும்பிட்டேன், நடுவே மாரியம்மனையும் கூப்பிட்டேன். சிக்னலில் வண்டி நின்றபோது என் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போய்க் குன்யாப் பொட்டலத்தை எடுத்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது. ஜன்னல் வழியாக வீசி எறிந்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

மூன்றாம் மாடி திரும்பும்போது தையல் மெஷின் சத்தம் கேட்டது. கால் மெஷின், ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சயாமாதான் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார்.

என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கஷாயம் எங்கே என்று கேட்டேன். அடுப்போரத்தில் பாத்திரம் மூடி இருந்தது, அதன் மேல் ஒரு செங்கல். யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று வைத்தாளாம்.

"ஒரு சொட்டு நாக்குல வச்சேன். சுர்ருன்னு மரத்துச்சு. துப்பிட்டு மூடி வச்சுட்டேன்," என்றாள். மரத்தால் குடிக்காதே என்று கடைக்காரர் அவளிடமும் சொல்லியிருந்தாராம்.

நான் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் நீ ஏன் வைத்துப் பார்த்தாய் என்று கேட்டேன். நன்றியோடு கேட்க வேண்டியது, என் புத்தி, கொஞ்சம் ரோஷத்தோடு கேட்டேன். அவள் மெஷினில் கிடந்த துணியை நீவிவிட்டாள்.

"உங்க நாக்க நம்பி நான் உப்பு போட்டே பத்து வருஷம் ஆச்சுங்க."

அப்புறம்தான் சொன்னாள். ஒரு காலத்தில் நான் உப்பு இல்லை, உப்பு இல்லை என்று தினமும் தட்டைத் தள்ளினேனாம். எனக்கு ஏற்றபடி போட்டால் பிள்ளைகள் வாயில் வைக்க முடியவில்லையாம். அதனால்தான் சின்னப் பாத்திரம். எனக்கு மட்டும் தனியாக உப்பும் புளியும் ஏற்றி வைத்திருக்கிறாள். அது மரியாதை என்று நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். கோயிலில் ஏன் கூப்பிடுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நான் பார்த்துச் சொன்ன ஒரு அண்டா சாம்பாரை அந்த வருடம் யாரும் தொடவில்லையாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். உங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம் இருந்துச்சு என்றாள். சயாமாவுக்குத் தமிழ் தெரியாது, என்ன சொல்கிறார் என்று கேட்டார். என் மனைவி முழுவதையும் பர்மிய மொழியில் மறுபடி சொன்னாள். ஆக இரண்டு மொழியிலும் என் மானம் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் கொஞ்சம், அவள் உயிரோடு உட்கார்ந்து பேசுவதால் மிச்சம்.

சீனக் கடைக்காரரிடம் போய்ப் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. வாயைத் திற என்றார். திறந்தேன். பார்த்துவிட்டு மூடச் சொன்னார். அண்டா ஏற்றும் வீட்டில் குன்யா நுழையக் கூடாது என்பது அவர் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடாம். ஏற்றுகிற நாளில் மிளகாய்கூடத் தொடமாட்டாராம். முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். ஆயிரம் கேள்வி கேட்கிற எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

சயாமா என் நோட்டை வாங்கிக்கொண்டார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் நியாயம்தான். அவரோ பக்கம் பக்கமாகப் படித்து, என் நாக்கு சொன்னதையும் தகடு சொன்னதையும் அருகருகே எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் போய் வேறொன்று வந்திருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த வியாதி அது. இந்த ஊரில் எத்தனை அடுப்புகளில் குன்யா நாக்குகள் பக்குவம் பார்க்கின்றன, ஊலே, என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கும் தெரியாது. இனிமேல் கடைகளில் வேர் வாங்கும்போது வில்லையோடு, அதை நாக்கில் பார்த்தவர் குன்யா போடுகிறவரா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று. கேட்கிற வேலை எனக்கு.

குன்யாவை விட்டது பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வாரம் எலிகள் மேல்கூட எரிந்து விழுந்தேன். இரண்டாம் வாரம் எதைத் தின்றாலும் வைக்கோல். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் டீக்கடையில் டீயின் துவர்ப்பு தனியாகவும் பாலின் இனிப்பு தனியாகவும் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தாரோ, கோப்பையை வெறித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று இருந்தது. அவளும் கேட்கவில்லை. சாயங்காலம் மூன்று ஊசி கோத்துக் குத்தி வைப்பது மட்டும் நிற்கவில்லை, பிறகு மூன்றாவதைக் கோக்க விரல் மடங்காமல் அது இரண்டு ஊசியாயிற்று.

மழை விடுகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்போரத்துச் சின்னப் பாத்திரத்திலிருந்து வழக்கம்போல எனக்குச் சாம்பார் ஊற்றினாள். ஒரு வாய் பிசைந்து போட்டேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விழுங்கிவிட்டேன்.

"உப்புக் கரிக்குது," என்றேன்.

அவள் கரண்டி நின்றது. என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் தட்டை எடுத்துப்போய், வேறு சோறு வைத்து, எல்லோருக்குமான பெரிய பாத்திரத்திலிருந்து ஊற்றிக் கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். சரியாக இருந்தது.

நான் கை கழுவி வருவதற்குள் அலமாரியிலிருந்து கடைக்காரரின் பொட்டலம் மேசைக்கு வந்திருந்தது. மழைக்காலம் பூராவும் அவள் அதைத் தொடவில்லை.

"அவர் சொன்ன நேரம் பூரா வேக வைங்க. அப்புறம் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

கரண்டை நம்பாமல் கரி அடுப்பு மூட்டினேன். கடைக்காரர் சொன்ன நேரத்துக்கும் மேலே அரை மணி கூட வைத்தேன். ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடத்தில் எந்தப் பானைக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை. ஒரு துணுக்கை நாக்கில் வைத்து நின்றேன். கசப்பு, மண் வாசனை, அடியில் லேசான இனிப்பு. மரப்பு இல்லை. இன்னொரு தரம் கொப்பளித்து, இன்னொரு துணுக்கு. இல்லை. மற்ற மருந்தையும் போட்டு இறக்கி, வடிகட்டி, குடிக்கலாம் என்றேன்.

அவள் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை சொட்டு வைத்துப் பார்க்கவில்லை, அப்படியே குடித்தாள்.